சாராயமும் சுருட்டும் கேட்ட வெள்ளைக்காரப் பேய்: போர்ல செத்தவங்க எப்ப பேயாகுறாங்க, எப்ப சாமியாகுறாங்க?

திருநெல்வேலிச் சீமையில ஒரு காலத்துல ஒரு வெள்ளைக்காரனுக்குப் படையல் போட்டு கும்பிட்டுட்டு இருந்தாங்க, தெரியுமா? படையல்னா பொங்கல், ஆட்டுக்கறி எல்லாம் இல்ல. சாராயம், சுருட்டு. அவ்ளோதான். இதை எழுதி வெச்சது கால்டுவெல் பாதிரியார், 1849ல. ஊர்க்காரங்க பாடுன பாட்டை வெச்சு அவர் புரிஞ்சுகிட்டது என்னன்னா, 1809ல திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கலகம் பண்ணப்போ ஆரல்வாய்மொழி பக்கம் திருவிதாங்கூர் அரணை பிடிக்கப் போன கம்பெனிப் படையில ஒரு இங்கிலீஷ் ஆபீசர் குண்டடி பட்டு செத்திருக்கான், அவனை சண்டை நடந்த இடத்துலருந்து 40 கிலோமீட்டர் போல தள்ளி ஒரு மணல்காட்டுல புதைச்சிருக்காங்க. பின்னாடி எழுதுனவங்க அவனுக்கு கேப்டன் போல்னு பேரும் குடுத்தாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு அந்தப் பக்கத்து ஜனங்க, இவன் ஆவி அலையுது, இவனை இப்படியே விட்டா சரி வராதுன்னு முடிவு பண்ணி, உயிரோட இருந்தப்ப அவனுக்கு என்ன பிடிக்குமோ அதையே வாங்கி வெச்சுட்டாங்க.

இதைப் படிக்கிற வெளிநாட்டுக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க, எதிரியைப் போய் கும்பிடுறாங்க பாருன்னு. நமக்கு இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அவன் எந்தப் பக்கம் சண்டை போட்டான்ங்கிறது அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. சொந்த ஊர்லருந்து எங்கேயோ தள்ளி, சின்ன வயசுல, ரத்தம் கொட்டி, காரியம் பண்ண ஆள் இல்லாம செத்திருக்கான். அது போதும். அல்பாயுசுல போனவன், ஆசை அடங்காம போனவன், அவன் சும்மா இருக்க மாட்டான்.

அதே கலகத்துல எதிர்ப்பக்கம் என்ன ஆச்சுன்னும் பாருங்க. வேலுத்தம்பி மண்ணடி கோயில்ல மாட்டிக்கிட்டு, பிடிபடக் கூடாதுன்னு உயிரை விட்டாரு. செத்த உடம்பை திருவனந்தபுரம் கொண்டு போய் கண்ணம்மூலையில தூக்குமரத்துல தொங்கவிட்டாங்க. செத்தவனை எதுக்குத் தூக்குல போடணும்? ஆனா இதுதான் இந்தக் கட்டுரை முழுக்க திரும்பத் திரும்ப வரப்போற விஷயம். ராணுவம் வெச்சிருக்கிற அரசாங்கமும் சரி, மணல்காட்டுல கள்ளு இறக்குற ஆளும் சரி, ரெண்டு பேருமே பிணத்துக்கு பயப்படுறாங்க. ஒருத்தன் அதுக்கு சோறு வெக்கிறான், இன்னொருத்தன் அதை அவமானப்படுத்துறான்.

இது நேத்து வந்த பழக்கம் இல்ல. தொல்காப்பியத்துலயே நடுகல் நடுறதுக்கு ஆறு ஸ்டெப் சொல்லியிருக்கு: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பாக்கணும், நாள் பாத்து எடுத்துட்டு வரணும், தண்ணியில குளிப்பாட்டணும், நடணும், பெரிய படையல் போடணும், அப்புறம் பாடணும். ஒரு வேலையை முடிக்கிற மாதிரி வரிசையா இருக்கு பாருங்க, இடையில ஒண்ணை விட்டா முடியாது. கல் நட்டவனை பேய்னு யாரும் சொல்றதில்ல, அவன் காவலுக்கு நிக்கிற சாமி. கல் நடாதவன் நிலைமைதான் வேற.

புறநானூறுல 281வது பாட்டுன்னு ஒண்ணு இருக்கு, அரிசில்கிழார் பாடுனது. சண்டையில காயம்பட்டு ஒருத்தன் வீட்ல கிடக்குறான், இன்னும் சாகல. அவனைச் சுத்தி பெண்கள் என்ன பண்றாங்கன்னா, வீட்டுக் கூரையில வேப்பிலையும் இரவ இலையும் செருகுறாங்க, யாழ் வாசிக்கிறாங்க, வெண்கடுகைத் தூவுறாங்க, ஆம்பல் குழல் ஊதுறாங்க, மணி அடிக்கிறாங்க, காஞ்சிப் பண் பாடுறாங்க, வீடு முழுக்க நறும்புகை போடுறாங்க. இவ்ளோவும் எதுக்கு? புண் இருக்கிற உடம்பைத் தேடி பேய் வரும்னு. இப்பவும் பச்ச உடம்புக்காரி இருக்கிற வீட்ல வேப்பிலை செருகுற பழக்கம் இருக்கே, அதோட பெரியப்பா இது. கலிங்கத்துப்பரணியில செயங்கொண்டார் இன்னும் ஒரு படி மேல போய், சண்டை முடிஞ்ச களத்துல பேய்ங்க எல்லாம் பிணத்தை வெச்சு கூழ் காய்ச்சிக் குடிக்கிற மாதிரி பாடிட்டாரு. ஜெயிச்ச ராஜாவோட பெருமையைப் பாடுற இலக்கியம்தான், ஆனா அதுலயே பாதி இடம் பேய்ங்களுக்குத்தான். களம்னா பேய் இல்லாம இருக்காதுன்னு அவங்களுக்கு அவ்ளோ நிச்சயம்.

சரி, இப்ப மதுரைக்கு வருவோம். எனக்கு இந்த லிஸ்ட்லயே ரொம்ப புடிச்ச கதை, பிடிச்சதுன்னு சொல்றதே தப்பு, கான்சாகிப் கதை.

மருதநாயகம்னு பொறந்து முகமது யூசுப் கான்னு ஆன ஆளு, கம்பெனியோட சிப்பாய்ப் படைக்கு கமாண்டன்ட், பாளையக்காரங்களை எல்லாம் அடிச்சு ஒடுக்குனதும் இவர்தான். அப்புறம் 1763ல அதே கம்பெனிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் எதிரா மதுரைக் கோட்டையில உக்காந்து சண்டை போட்டாரு. மாசக்கணக்குல முற்றுகை, கோட்டைக்குள்ள சோறு இல்ல. கடைசியில கூட இருந்தவங்களே, பிரெஞ்சுக்காரன் மார்ஷனும் அவரோட திவானும் சேர்ந்து, தொழுகையில இருந்தப்ப பிடிச்சுக் கட்டி ஒப்படைச்சாங்க. 1764 அக்டோபர் 15, மதுரைக்கு மேக்கால இருந்த முகாம்ல தூக்கு.

இதுவரைக்கும் வரலாறு. இதுக்கு மேல ஜனங்க சொல்றது. மொதல் தடவ தூக்குல போட்டப்ப கயிறு அறுந்துடுச்சாம். ரெண்டாவது தடவையும் அறுந்துடுச்சாம். அப்புறம் உடம்புல ஒரு தாயத்தோ உருண்டையோ வெச்சுத் தெச்சிருக்காருன்னு கண்டுபிடிச்சு அதை வெட்டி எடுத்த பிறகுதான் உயிர் போச்சாம். போட்டுப் புதைச்சுட்டாங்க. ஆனா நவாபுக்குத் தூக்கம் இல்ல, கெட்ட கனவா வருது. கான்சாகிப் திரும்ப எழுந்து வந்துடுவாருன்னு பயம். அதனால தோண்டி எடுத்து உடம்பைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு ஊருக்கு அனுப்புனாங்களாம்: தலை திருச்சிக்கு, கை கால் எல்லாம் தஞ்சாவூர், பாளையங்கோட்டை, திருவிதாங்கூர்னு. எந்தத் துண்டு எந்த ஊருங்கிறது சொல்ற ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும், பெரியகுளத்துல கேட்டா கால் எங்க ஊர்லதான்னு சொல்லுவாங்க. நடு உடம்பு மதுரை சம்மட்டிபுரத்துல. அங்க 1808ல ஒரு சின்ன பள்ளிவாசல் எழும்பிச்சு, கான்சாகிப் பள்ளிவாசல்னு இப்பவும் இருக்கு.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. இந்தக் கதையில பேய் வரல. யாரும் ராத்திரியில வெள்ளையா ஒரு உருவத்தைப் பாத்ததா சொல்லல. பேய் வந்துடுமோன்னு ஜெயிச்சவன் பயந்தான்ங்கிறதுதான் கதையே. ஒரு ஊர்ல புதைச்சிருந்தா ஒரு சமாதியோட போயிருக்கும், பிரிச்சு அனுப்புனதால பல ஊருக்கு ஒரு கான்சாகிப் கிடைச்சாரு. நவாப் பண்ண தப்பு அதுதான்.

அடுத்து கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16, கயத்தாறு, கம்பெனி மேஜர் பானர்மேன் விசாரணைன்னு ஒண்ணு நடத்தி புளியமரத்துல தூக்குல போடுறான். நம்ம ஊர்ல பேய் எந்த மரத்துல இருக்கும்னு எந்தக் குழந்தையைக் கேட்டாலும் புளியமரம்னுதான் சொல்லும். தூக்குல தொங்குனவன், அல்பாயுசு, தோத்தவன், அதுவும் புளியமரம், பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா கயத்தாறுல கட்டபொம்மன் ஆவியா அலையுறாருன்னு ஒரு கதையும் பெருசா எடுபடல. ஏன்னா ஜனங்க வேற ஒண்ணு பண்ணாங்க. அந்த வழியா போறவங்க வர்றவங்க ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து அந்த இடத்துல போட்டுட்டுப் போவாங்க. அப்படியே அது ஒரு கல் குவியலா ஆகிடுச்சு. சர்க்கார் பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது, ரோட்டோரமா கல்லு கிடக்கு, அவ்ளோதானே. முறையா நடுகல் நட முடியாத காலத்துல ஜனங்க கண்டுபிடிச்ச நடுகல் அது, ஒரே கல்லா இல்லாம ஆயிரம் பேரோட கல்லா. பிற்பாடு சிவாஜி கணேசன் அந்த இடத்தை விலைக்கு வாங்கி சிலை வெச்சாரு.

பாஞ்சாலங்குறிச்சியை கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, கோட்டையை இடிச்சு தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைச்சாங்கன்னு சொல்றாங்க, ஊர் பேரையே கணக்குலருந்து எடுத்துட்டாங்க. அந்த சண்டையில செத்த வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் கல்லறை கட்டி வெச்சாங்க, அது இப்பவும் அங்க நிக்குது. அந்தக் களத்துலருந்து ஒரு காட்சியை வெல்ஷ்னு ஒரு இங்கிலீஷ் ஆபீசர் தன்னோட நினைவுக் குறிப்புல எழுதி வெச்சிருக்காரு, எத்தனை தடவ படிச்சாலும் சிலிர்க்கும். 1801 மே மாசம், கோட்டை விழுந்து எல்லாரும் சிதறி ஓடுன அன்னைக்கு ராத்திரி, ஒரு அம்மா பிணங்களுக்கு நடுவுல தன் மகனைத் தேடிட்டுப் போறா. மகன் கிடைக்கிறான், குத்துயிரும் கொலையுயிருமா. அவன் சொல்றான், அம்மா என்னை விட்டுடு, பக்கத்துல சாமி கிடக்காரு, அவரைக் காப்பாத்துன்னு. சாமின்னு அவன் சொன்னது கட்டபொம்மனோட தம்பி ஊமைத்துரையை. மகனை விட்டுட்டு அவரைத் தூக்கிட்டுப் போய் ஒரு வீட்ல மறைக்கிறாங்க. கம்பெனி பக்கம் இருந்த எட்டயபுரத்து ஆளுங்க தேடிட்டு வர்றப்ப அவர் மேல துணியைப் போத்தி, பெண்கள் எல்லாம் சுத்தி உக்காந்து ஒப்பாரி வெக்கிறாங்க, எங்க பையன் அம்மை போட்டு செத்துட்டான்னு. வந்தவங்க பின்னாடி திரும்பிப் பாக்காம ஓடிட்டாங்க. உயிரோட இருக்கிற ஒருத்தன் பிணமா நடிச்சுத் தப்பிக்கிறான், அதுவும் எந்தப் பிணத்துக்கு மனுஷன் ரொம்பப் பயப்படுவானோ அந்தப் பிணமா. அந்தப் பையன் பேரு யாருக்கும் தெரியாது. நவம்பர்ல ஊமைத்துரையையும் பிடிச்சு அதே பாஞ்சாலங்குறிச்சியில தூக்குல போட்டாங்க.

இப்ப எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஒரு சந்தேகம். வேலூர். 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி இருக்கும், கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க எழுந்தாங்க. நெத்தியில குறி வெக்கக் கூடாது, தாடி வெக்கக் கூடாது, கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகைதான் போடணும்னு வந்த உத்தரவு ஒரு காரணம், உள்ள சிறையிருந்த திப்புவோட மகன்கள் இன்னொரு காரணம், முந்தின நாள் அந்தக் குடும்பத்துல கல்யாணம் வேற. 69வது ரெஜிமென்ட்டோட பாரக்குல தூங்கிட்டிருந்தவங்க மேல சுட்டாங்க, நூறு பேருக்கு மேல வெள்ளைக்காரங்க செத்தாங்க. காலையில ஆற்காட்டுலருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோட வந்தான். அரண்மனைக்குள்ள ஒளிஞ்சிருந்த நூறு பேர் கிட்ட வெளிய இழுத்து வந்து, வெள்ளைக்கார ஆபீசருங்க பந்து விளையாடுற சுவர் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு முன்னாடி நிக்க வெச்சு சுட்டாங்க. மொத்தம் செத்த சிப்பாய்ங்க 350 பேர்னு குறைஞ்ச கணக்கு சொல்றவங்களே சொல்றாங்க. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரை பீரங்கி வாயில கட்டி சிதறடிச்சாங்க, அஞ்சு பேரை சுட்டாங்க, எட்டு பேருக்கு தூக்கு.

ஒரு காலைப்பொழுதுல ஒரு கோட்டைக்குள்ள இவ்ளோ சாவு. ஆனா வேலூர்ல நான் கேட்ட வரைக்கும் சிப்பாய்ப் பேய்க் கதை ஒண்ணும் உருப்படியா கிடைக்கல. கோட்டைக்குள்ள போனா கோயில்ல கூட்டம், அகழி ஓரமா ஜோடிங்க, புல்லுல பசங்க கிரிக்கெட். அந்த சுவர் எங்கேன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ஏன் இப்படி? எனக்குத் தோணுறது, பேய்க்கதைக்கு மொதல்ல ஒரு அம்மா வேணும், இல்ல ஒரு பொண்டாட்டி, இல்ல ஒரு பங்காளி. இந்தா இந்த இடத்துலதான் எங்க ஆளு செத்தான், ராத்திரி அந்தப் பக்கம் போகாதன்னு சொல்ல ஒருத்தர் அங்கயே இருக்கணும். வேலூர்ல இருந்த சிப்பாய்ங்க பல ஊர்க்காரங்க, அந்தப் பட்டாளங்களையே கலைச்சு பேரை அழிச்சுட்டாங்க, சொந்தக்காரங்க வாயைத் திறந்தா ஆபத்து. கதையை சுமக்க ஆள் இல்லாம அப்படியே அமுங்கிடுச்சு. கில்லெஸ்பி எப்படி வந்து காப்பாத்துனான்னு மட்டும் பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல எழுதி வெச்சுக்கிட்டாங்க.

டெல்லியில இதுக்கு நேர் எதிர். கோட்லா மைதானத்துக்குப் பக்கத்துல, ரோட்டு நடுவுல மாதிரி கூனி தர்வாசான்னு ஒரு கல் வாசல் நிக்குது. கூனின்னா ரத்தம், ரத்த வாசல். 1857 சிப்பாய்க் கலகம் நடந்தப்ப, செப்டம்பர் 22, கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷா ஜாபரோட ரெண்டு மகன்கள் மிர்சா முகல், கிஸ்ர் சுல்தான், பேரன் அபு பக்ர், மூணு பேரும் சரணடைஞ்ச பிறகு ஹாட்சன்ங்கிற இங்கிலீஷ் ஆபீசர் வண்டியிலருந்து இறக்கி, துணியைக் கழட்டச் சொல்லி, பக்கத்துல நின்னு சுட்டான். உடம்புங்களை கொத்தவால் சாவடி முன்னாடி ஜனங்க பாக்கப் போட்டு வெச்சாங்க. டெல்லிக்காரங்க சொல்ற கதை, மழைக்காலத்துல வாசலோட மேக்கூரையிலருந்து ரத்தம் சொட்டுதுன்னு. பழைய கல்லு, துரு, மண்ணு கரைஞ்சு செவப்பா வழியுறது எந்தக் கோட்டையிலயும் நடக்கிறதுதான். ஆனா இதோட ஒட்டிக்கிட்ட இன்னொரு துணுக்கு இருக்கு பாருங்க, அதுதான் விஷயம்: அந்த இளவரசர்களோட ஆவி நம்ம ஆளுங்களை ஒண்ணும் பண்ணாதாம், வெளிநாட்டுக்காரங்களைத்தான் தொல்லை பண்ணுமாம். பேய்க்கும் கொள்கை உண்டு!

அந்த வாசலுக்கு கொஞ்ச தூரத்துலதான் பெரோஸ் ஷா கோட்லா, பழைய பாழடைஞ்ச கோட்டை. 1759ல அங்கதான் இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவைக் கொலை பண்ணாங்க. இப்ப வியாழக்கிழமை வியாழக்கிழமை ஜனங்க அங்க ஜின்னுங்களுக்கு லெட்டர் எழுதி வெக்கிறாங்க. சும்மா கடுதாசி இல்ல, சர்க்கார் ஆபீஸ்ல குடுக்கிற மனு மாதிரி, பேரு அட்ரஸ் எல்லாம் எழுதி, போட்டோ ஒட்டி, ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு ஜின்னுக்கும் ஒவ்வொரு மாடத்துல ஒரு காப்பி. வீட்டுப் பிரச்சினை, கேஸு, புருஷன் குடி, புள்ளைக்கு வேலை, எல்லாம் வரும். இந்தப் பழக்கம் 1977 வாக்குல சூடு பிடிச்சதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, அதாவது எமர்ஜென்சியில பக்கத்துல துர்க்மான் கேட்ல வீடுங்களை புல்டோசர் வெச்சு இடிச்சு, சுட்டு, ஜனங்களை ஊருக்கு வெளிய கொண்டு போய் விட்டதுக்கு அப்புறம். உயிரோட இருக்கிற ஆபீசர் மனுவை வாங்கலன்னா வேற எங்க குடுப்பாங்க.

1857ல எனக்கு மறக்க முடியாதது ரெண்டு கிணறு. ஒண்ணு கான்பூர்ல, பீபீகர் கிணறு. ஜூலை 15, அடைச்சு வெச்சிருந்த சுமார் 200 வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் வெட்டிக் கொன்னு அடுத்த நாள் கிணத்துல போட்டாங்க. கொடூரம்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. இன்னொண்ணு பஞ்சாப்ல அஜ்னாலா கிணறு. ரெண்டு வாரம் கழிச்சு, ஆகஸ்ட் 1. லாகூர் பக்கத்து மியான் மீர் முகாம்லருந்து தப்பி ஓடுன 26வது படையோட சிப்பாய்ங்களை, அவங்க கையில ஆயுதமே இல்ல, பிடிச்சுட்டு வந்து கொன்னு பாழுங்கிணத்துல போட்டாங்க, 282 பேர். அதுல சுமார் 45 பேர் சுடவே வேண்டியிருக்கல, அடைச்சு வெச்ச அறையிலயே மூச்சு முட்டி செத்திருந்தாங்க. கணக்கு எப்படித் தெரியும்னா, செஞ்ச கூப்பர்ங்கிற டெபுடி கமிஷனரே பெருமையா புத்தகம் போட்டு எழுதி வெச்சிருந்தான்.

வெள்ளைக்காரன் காலத்துல கான்பூர் கிணத்து மேல பளிங்கு தேவதை சிலை இருந்துச்சு, சுத்தி தோட்டம், இந்தியர்களுக்கு உள்ள அனுமதி இல்லாம இருந்துச்சு. கப்பல்ல வந்து எறங்குற வெள்ளைக்கார சிப்பாயை மொதல்ல அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. வெள்ளைக்காரங்க எழுதுன பேய்க்கதைங்கள்ல பாதி இந்த மாதிரி இடங்களைச் சுத்திதான் வரும், வெறிச்சோடுன பங்களா, குழந்தை அழுகுற சத்தம், அந்த மாதிரி. அஜ்னாலா கிணத்துக்கு உள்ளூர் ஆளுங்க வெச்ச பேரு காலியான்வாலா கூ, கருப்பனுங்க கிணறுன்னு அர்த்தம். மேல ஒரு குருத்வாரா கட்டி, கீழ என்ன இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாம கிடந்துச்சு. 2014ல ஊர்க்காரங்களே மண்வெட்டியை எடுத்துட்டு இறங்கித் தோண்டுனாங்க. எலும்பு, மண்டையோடு, நாணயம், பதக்கம்னு வந்துச்சு. அப்புறம் ஹைதராபாத் விஞ்ஞானிங்க பல்லுலருந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்து, இவங்க பஞ்சாப் ஆளுங்க இல்ல, கங்கைச் சமவெளிக்காரங்கன்னு 2022ல உறுதி பண்ணாங்க. 157 வருஷம் கிணத்துக்குள்ள. இப்ப அந்தக் கிணத்துக்குப் பேரு ஷஹீதான்வாலா கூ, தியாகிகள் கிணறு.

இதுல நம்ம மெட்ராசுக்கும் ஒரு பங்கு இருக்கு. கான்பூர்ல பழிவாங்கப் போன நீல், மெட்ராஸ் பட்டாளத்துக்காரன். பிடிபட்டவங்களை தூக்குல போடுறதுக்கு முன்னாடி பீபீகர் அறைத் தரையில இருந்த ரத்தத்தை நக்க வெச்சவன். லக்னோல செத்தான், மவுன்ட் ரோட்டுல அவனுக்கு சிலை வெச்சாங்க. 1927ல அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம், கோடாலியும் சுத்தியலும் எடுத்துட்டுப் போய் அடிச்சு ஜெயிலுக்குப் போனாங்க, 1937ல ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் அங்கருந்து நகத்தி மியூசியத்துக்குக் கொண்டு போனாங்க. நீல் பேய்னு ஒரு கதை மவுன்ட் ரோட்டுல கிளம்பவே இல்ல, சிலையே நடு ரோட்டுல நின்னுட்டிருந்தப்ப பேய் எதுக்கு.

இது எல்லாம் பழங்காலம், இப்ப அப்படி இல்லன்னு நினைச்சா சிக்கிமுக்குப் போங்க. நாதுலா பக்கத்துல, 13,000 அடி உயரத்துல, பாபா ஹர்பஜன் சிங் கோயில். பஞ்சாப் ரெஜிமென்ட் சிப்பாய், 22 வயசு, 1968 அக்டோபர்ல கோவேறு கழுதைங்க மேல சாமான் ஏத்திட்டுப் போறப்ப வழுக்கி ஓடையில விழுந்து அடிச்சுட்டுப் போயிட்டாரு. உடம்பு கிடைக்க நாளாச்சு. கூட இருந்தவங்க கனவுல வந்து எனக்கு ஒரு சமாதி கட்டுங்கன்னு சொன்னாராம். கட்டுனாங்க. இப்ப அங்க அவரோட அறையில கட்டில் போட்டு மெத்தை விரிச்சு, இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், பாலீஷ் போட்ட பூட்ஸ் எல்லாம் தயாரா இருக்கும். காலையில பாத்தா பெட்ஷீட் கசங்கியிருக்கும், பூட்ஸ்ல சேறு ஒட்டியிருக்கும்னு காவலுக்கு இருக்கிறவங்க சொல்லுவாங்க. சீனாக்காரங்களோட நடக்குற எல்லை மீட்டிங்ல அவருக்கு ஒரு காலி நாற்காலி. செத்த பிறகும் பிரமோஷன், சம்பளம், வருஷா வருஷம் செப்டம்பர்ல லீவு. லீவுன்னா சும்மா ரிஜிஸ்டர்ல மார்க் பண்றது இல்ல, அவர் பெட்டியை ஜீப்புல ஏத்தி நியூ ஜல்பைகுரி ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து, ட்ரெயின்ல அவர் பேர்ல பெர்த் போட்டு, துணைக்கு சிப்பாய்ங்க கூட உக்காந்து பஞ்சாப்ல அவங்க ஊர் வரைக்கும் போய் விட்டுட்டு வருவாங்க. பிற்பாடு அதை நிறுத்திட்டாங்க.

அருணாசலத்துல தவாங் போற ரோட்டுல இருக்கிற ஜஸ்வந்த் கர் நினைவிடமும் இதே மாதிரி. 1962 நவம்பர் 17, நூரானாங்ல கார்வால் ரைபிள்ஸ் சிப்பாய் ஜஸ்வந்த் சிங் ராவத் செத்தாரு, மகாவீர் சக்ரா கிடைச்சுது. மூணு நாள் தனியா நின்னு 300 சீனாக்காரங்களைக் கொன்னாருங்கிறது கதையா வளந்தது. அவருக்கும் விடியக்காலை டீ, டிபன், ராத்திரி சாப்பாடு, கட்டில். அந்த ரோட்டுல போற ராணுவ வண்டி எதுவும் நிக்காம போகாது.

ஆக்சிஜன் கம்மியான இடம், தூக்கம் இல்ல, வெள்ளைப் பனியைத் தவிர கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அப்ப பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி தோணுறது உடம்பு பண்ற வேலைதான், மலை ஏறுறவங்க நிறைய பேர் சொல்லியிருக்காங்க. அது சரி. ஆனா உருவம் தெரியுறதுக்குத்தான் அது காரணம், அதுக்கு டீ போட்டு வெக்கிறதுக்கு அது காரணம் இல்ல. 1962 நாம தோத்த சண்டை. சரியான துணி இல்லாம, சரியான துப்பாக்கி இல்லாம பசங்களை மலை மேல அனுப்புன சண்டை. அந்த மாதிரி இடத்துல காவலுக்கு நிக்கிற 20 வயசுப் பையனுக்கு, இங்க செத்தா நம்மள மறந்துட மாட்டாங்கன்னு யாராவது சொல்லணும். பூட்ஸுக்குப் பாலீஷ் போடுறது அதைத்தான் சொல்லுது. சாராயமும் சுருட்டும் வெச்ச திருநெல்வேலிக்காரன் இங்க வந்தா ஒண்ணும் விளக்க வேண்டியதில்ல, சரியாத்தான் பண்றீங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பான்.

இந்த யூடியூப் திகில் வீடியோக்காரங்க மேல எனக்கு இருக்கிற கோபம் இதுதான். நைட் விஷன் கேமராவை எடுத்துட்டுப் போய், ஏதோ சத்தம் கேக்குது ப்ரோன்னு கத்திட்டு, அங்க செத்தவன் யாருன்னு ஒரு வரி சொல்றதில்ல. எங்க ஆயா எல்லாம் பேய்க்கதை சொன்னா மொதல்ல பேரு, அப்புறம் யாரு மகன், எந்தத் தெரு, எப்படிச் செத்தான்னு சொல்லிட்டுத்தான் பேய்க்கே வருவாங்க.

கடைசியா ஒரு இடம், நம்ம ஆளுங்க ரொம்பப் பேர் செத்த இடம். சயாம் மரண ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் தண்டவாளம், ஜப்பான்காரன் 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சது. வெள்ளைக்கார போர்க்கைதிங்க 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க செத்தது அதைவிடப் பல மடங்கு, அதுல மலாயா ரப்பர் தோட்டத்துலருந்து கொண்டு போன தமிழங்க ஏராளம். காலரா வந்தப்ப கூடாரம் கூடாரமா போச்சு. மலையைக் குடைஞ்ச ஒரு இடத்துக்கு ஹெல்ஃபயர் பாஸ்னு பேரு, ராத்திரி பந்த வெளிச்சத்துல எலும்பும் தோலுமா வேலை செஞ்ச ஆளுங்களைப் பாத்தா நரகம் மாதிரி இருந்துச்சுன்னு கைதிங்க வெச்ச பேரு. டூரிஸ்ட்டுங்களுக்குச் சொல்ற ஆவிக் கதைங்க எல்லாம் அந்தக் கைதிங்களைப் பத்திதான். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல அவங்களுக்கு 6,982 கல்லறை, வெட்டுன புல்லு, வரிசை, வெண்கலத் தகட்டுல பேரு, வயசு, வீட்டுக்காரங்க எழுதுன ஒரு வரி.

தமிழங்களுக்கு குழி மட்டும்தான். மலேசியாவுல அந்தத் தலைமுறை வீடுங்கள்ல சயாமுக்குப் போனவர்னு ஒரு தாத்தா இருப்பாரு, செத்த தேதி தெரியாது, அதனால திவசம் எந்த நாள்னு தெரியாம ஏதோ ஒரு அமாவாசையில இலை போடுவாங்க. சில வருஷம் முன்னாடி காஞ்சனபுரியில ஒரு புத்த விகாரை வளாகத்துல அவங்களுக்காக ஒரு கல்லு நட்டாங்க. நினைவுச்சின்னம்னு சொல்லாம நடுகல்னுதான் அதுக்குப் பேரு வெச்சாங்க. நட்டு முடிச்சதும் முன்னாடி இலை விரிச்சு படையல் போட யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.